மணவறையும் தாயும்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் கல்வியைப் பற்றியும், சமயத்தைப் பற்றியும், கல்லூரியின் கடந்தகாலப் பெருமையைப் பற்றியும் வரைதலே மரபு. யாமோ ஒரு கலியாண வீட்டுக் கதையை எடுத்துக்கொண்டு வந்து நிற்கின்றோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். காரணமின்றி யாம் இதனை எடுத்தோமல்லேம். வன்னி மண்ணின் பழைய மாணவர்களுள் இன்று மணப்பருவம் எய்தியிருப்போர் பலர் 2009ஆம் ஆண்டிற் சிறுவராய் இருந்தவர்கள். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வட்டுவாகற் பாலத்தைக் கடந்திருக்க வேண்டியவர்களுள் எத்தனையோ பேர், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். அவர்களுக்கும் அவர்தம் சகோதரியருக்கும் இற்றை நாளில் மங்கல காரியங்கள் நடைபெறுகின்றன. அவற்றை வாழ்த்தச் செல்லுமிடத்து யாம் காணும் ஒரு குறையைப் பழைய மாணவர் முன் வைத்தல் எம் கடமையென்று கருதினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணமகளின் தந்தை போரின் இறுதி நாட்களில் எறிகணைக்கு இரையானவர். அன்று தொட்டுத் தாய் ஒருவரே, முதலில் செட்டிகுளத்து முகாமிலும் பின்னர்த் தகரக் கொட்டிலிலுமாக, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, அந்தக் காசிலே மூத்தவளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தார். அம் மூத்தவளுக்கே அன்று மணம். மணவறையிலே கன்னிகாதானம் செய்து கொடுக்கப் பெரியதந்தையும் அவர் மனைவியும் அமர்ந்தனர். அவர்கள் வெளிநாட்டிலிருந்து முந்திய வாரமே வந்திறங்கியவர்கள். கெட்டிமேளம் முழங்கிற்று. யாவரும் அறுகரிசி தூவினர். தாயை மட்டும் காணோம். சுற்றுமுற்றும் பார்த்தோம். பந்தியறைக்குச் செல்லும் வாயிலின் ஓரத்திலே, கையிலே ஒரு தண்ணீர்ச் செம்புடன், கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, ஆட்களின் தோள்களுக்கிடையே எட்டி எட்டிப் பார்த்தபடி அவர் நின்றார்.

"ஏனம்மா, கிட்டப் போய் நிண்டு பாருங்கோவன்" என்றோம்.

"வேண்டாம் ஐயா. பிள்ளைக்கு ஒண்டும் வரப்படாது" என்றார்.

அச் சொற்கள் எம்மை இன்னும் விட்டகன்றில. எறிகணைக்கும் பசிக்கும் இடையே தன் உடலைத் தடுப்பாக வைத்துப் பிள்ளையைக் காத்தவர், தம் நிழல் பட்டால் அப்பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சி ஒதுங்குகிறார்; அங்கே கூடியிருந்த நாம் அனைவரும், படித்தவர்களும் உட்பட, அதனை இயல்பென்று ஏற்று விருந்துண்டு மீள்கின்றோம். இதிலும் பெரிய அமங்கலம் ஒரு திருமணத்தில் உண்டோ?

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. போரினாற் கணவரை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 பேர் என 2010ஆம் ஆண்டில் அரச தரப்பிலேயே கூறப்பட்டது. அவர்களின் மக்களே இன்று மணமக்கள். ஆதலின் வன்னியில் நடக்கும் திருமணம் ஒவ்வொன்றிலும் 'தாய் எங்கே நிற்பது?' என்னும் வினா, வாய்விட்டுக் கேட்கப்படாவிடினும், பந்தலுக்குள் உலவிக்கொண்டே இருக்கின்றது.

இக்காலத்து இளைஞர் தம் திருமணம் ஏனையோர் திருமணம் போலாகாது, தமக்கே உரியதாய்ப் பொருள் பொதிந்து விளங்க வேண்டும் என்று விரும்புகின்றனர். அவ் விருப்பம் நன்று. ஆயின் அதனை நிறைவேற்ற அவர்கள் நாடும் வழி யாது? மண்டபத்தின் அலங்காரம், மணவறையின் நிறம், வானிற் பறந்து படமெடுக்கும் கருவி, பூத்தூவும் பொறி, மாலை வரவேற்பிலே அடுக்கடுக்கான கேக்கு ஆகியனவே முன் நிற்கின்றன. இவையெல்லாம் காசு கொடுத்தால் எவர்க்கும் கிடைப்பவை. எவர்க்கும் கிடைப்பது எங்ஙனம் ஒருவர்க்கே உரியதாகும்? ஒருவரின் திருமணத்தை அவர்க்கே உரியதாக்குவது, அவர் யார் வயிற்றிற் பிறந்தார், யார் கையால் வளர்ந்தார் என்னும் உண்மையன்றோ? அவ்வுண்மையைக் கதவுக்குப் பின்னே நிறுத்திவிட்டு, மணவறையை எத்துணை அழகு செய்தும் பயன் என்னை?

நிற்க. தாலி இழந்தவள் மங்கல காரியத்தில் முன் நிற்றல் ஆகாது என்பது நம் முன்னோர் வைத்த முறையன்றோ என வினவுவார் உளர். அவர்களுக்கு வன்னி மண்ணைக் கொண்டே விடை கூறுவோம்.

நந்திக்கடலின் கரையிலே வற்றாப்பளையிற் கோயில் கொண்டிருப்பவள் யார்? கண்ணகியம்மை. வைகாசி விசாகப் பொங்கலுக்குக் காவடியும் தூக்குகாவடியுமாய் நாம் திரள்வது அவள் சந்நிதிக்கு. உப்பு நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் கண்டு கைகூப்புவது அவள் முன்னிலையில். அவள் கணவனைக் கொலைக்களத்தில் இழந்தவள். தலைவிரிகோலமாய்ச் சிலம்பேந்தி அரசவை ஏறி நீதி கேட்டவள். பதினான்காம் நாளில் வானவர் ஊர்தியிற் கணவனோடு சேர்ந்தாள் என்று சிலப்பதிகாரம் கூறுதல் உண்மையே. எனினும் நம் உள்ளத்திற் பதிந்து நிற்பது அந்த ஊர்தியிலேறிய கோலமா, சிலம்பேந்திய கோலமா என்பதை அன்பர்களே கூறுக. அத்தெய்வத்தின் திருமுன் கலியாண அழைப்பிதழை வைத்து, 'தாயே, நீ வந்து நடத்தித் தர வேண்டும்' என்று வேண்டுகின்றோம். வேண்டிவிட்டு வீடு திரும்பி, அவளைப் போலவே கணவனை இழந்து, அவளைப் போலவே நீதி கேட்டு நிற்கும் பெற்ற தாயை, 'நீ முன்னே வராதே' என்கின்றோம். தெய்வத்துக்கு ஒரு நீதி, தாய்க்கு ஒரு நீதியா?

சைவத்தின்பால் வருவோம். திலகவதியாரை நாம் அறிவோம். அவருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். உயிர் துறக்கத் துணிந்த திலகவதியார் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். திருவதிகையிலே திருத்தொண்டு செய்து வாழ்ந்தார். சூலை நோயால் வருந்தி வந்த தம்பிக்குத் திருநீறு அளித்து அவரைச் சைவத்துக்கு மீட்டவை அக்கைகளே. அக்கைகள் அமங்கலமான கைகள் என்று அன்று எவரேனும் தடுத்திருப்பின், நமக்கு அப்பர் சுவாமிகளும் இல்லை, அவர் தேவாரமும் இல்லை. போர் ஒருத்தியின் வாழ்வைக் குலைத்தது. அவளோ ஒரு சமயத்தையே வாழ்வித்தாள். இக்கதை வன்னியிலுள்ளார்க்கு விளங்காததொன்றா?

பழைய இலக்கியத்தை நோக்கினும் திருமணச் சடங்கு என்றும் ஒரே வடிவில் இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டிலும் 136ஆம் பாட்டிலும் தமிழர் திருமணம் இரண்டு வருணிக்கப்படுகின்றன. மணல் பரப்பிய பந்தர் உண்டு, விளக்கு உண்டு, உழுந்து இட்டுச் சமைத்த பொங்கல் உண்டு. தலையிற் குடம் தாங்கிய முதுபெண்டிர் உளர்; பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை ஆட்டி வாழ்த்துவோர், மகவு ஈன்ற மங்கையர் நால்வர். தீவலம் ஆண்டுச் சொல்லப்படவில்லை, புரோகிதரும் சொல்லப்படவில்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது முதிய பார்ப்பான் மறைவழி காட்ட மணமக்கள் தீவலம் வருதலைக் காண்கின்றோம். 136ஆம் பாட்டிலே பேசப்படும் அறுகோ இன்றும் நம் கையில் அறுகரிசியாய் இருக்கின்றது. ஆகவே சில நிலைத்தன, சில வந்து சேர்ந்தன. வாழ்த்துவோர் பெண்டிர், அதிலும் தாயர், என்பது மட்டும் அடிமுதல் இருந்து வரும் செய்தி. தேசவழமையும் இதற்கு மாறன்று. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707ஆம் ஆண்டிற் சட்டவலுப் பெற்ற அத்தொகுப்பு, கணவனை இழந்தவள் மறுமணம் புரிதலை இயல்பாகக் கொண்டு, அந்நிலையிற் பிள்ளைகளுக்கும் சொத்துக்கும் செய்ய வேண்டுவதை வகுத்திருக்கின்றது. அவள் மீண்டும் மணமகளாகவே அமரலாம் என்று கண்ட சமூகத்தில், மகளின் அருகே நிற்கலாகாது என்பது எப்படி முன்னோர் முறையாகும்?

இனி, இதனினும் நுண்ணியதொரு துயரைத் தொட வேண்டியிருக்கின்றது. கணவர் இறந்தார் என்பதையும் அறியாத தாய்மார் உளர். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே வீதியோரத்தில் அமர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளுக்கு விடை கேட்கத் தொடங்கியவர்கள் அவர்களே. இறந்தவரென்று பதியாமல் காணப்படாதவரென்று சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டிற் சட்டம் செய்யப்பட்டது. சட்டம் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டது. கலியாண வீடு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அழைப்பிதழ் அச்சிடப் போகும்போதே இடர் தொடங்குகின்றது. தந்தையின் பெயருக்கு முன் 'அமரர்' என்று போடுவதா? போட்டால், பல்லாண்டு காத்திருந்த தாயின் நெஞ்சிலே நாமே நெருப்பை வைத்தவர்களாவோம். பெயரையே விடுவதா? விட்டால் பிள்ளை தந்தையற்றவளாகின்றாள். பொட்டிட்டுப் பூவைத்து மணவறைக்கு வந்தால் ஊர் ஒன்று சொல்லும். அவை இன்றி வந்தால் அவர் உள்ளமே அவரை வினவும்.

இவ்விடத்தில் நம் சடங்கே வழிகாட்டுகின்றது என்பதை யாம் மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். கன்னிகாதானத்தின்போது குருக்கள் இருதிறத்து மூன்று தலைமுறைப் பெயர்களையும் ஓதுகின்றார்: இன்னார்க்குப் பூட்டப்பிள்ளை, இன்னார்க்குப் பேர்த்தி, இன்னார்க்கு மகள் என்று. அங்கே வேண்டப்படுவது அவள் யார் மகள் என்பதே. ஊர் வாய் கேட்கும் கேள்வியை அவ்விடத்தில் எவரும் கேட்பதில்லை. தந்தையின் பெயர் அச்சபையிலே மகளின் பெயரோடு சேர்ந்து ஒலிக்கின்றது. ஆனால் அந்த வேளையிற்றான் படப்பிடிப்பாளர் 'இந்தப் பக்கம் பாருங்கோ' என்கின்றார்; சபையோர் பந்திக்கு எழும்புகின்றனர். வராத தந்தை பெயராலாவது வந்து நிற்கும் ஒரே கணத்தை நாம் பேச்சொலியில் இழந்துவிடுகின்றோம்.

குறை கூறி அமைதல் அறிஞர்க்கு அழகன்று. ஆகவே திருமணத்துக்கு நாள் குறிக்கும் குடும்பத்தார் முன்கூட்டியே செய்துகொள்ளத் தக்கவை சிலவற்றை ஈண்டு கூறுவோம்.

முதலாவது, தாயை முன்னரே கேட்க வேண்டும். முகூர்த்த வேளையிற் கையைப் பிடித்து இழுத்தால் அவர் மேலும் கூசி ஒதுங்குவார். பல்லாண்டு ஊறிய அச்சம் ஒரு நிமிடத்திற் போகாது. பொருத்தம் பார்த்த அன்றே பிள்ளைகள் அருகிலிருந்து, 'அம்மா, நீங்கள்தான் தாரை வார்த்துத் தர வேணும்' என்று சொல்லட்டும். அவர் மனமுவந்து இசைந்தாற் செய்க. அவர் வேண்டாமென்றால் அவரை வற்புறுத்துவதும் ஒரு கொடுமையே. ஆயினும் வேண்டாமென்பது அவர் விருப்பமா, ஊருக்கு அஞ்சிய சொல்லா என்று பிள்ளைகள் அறிவர்.

இரண்டாவது, குருக்களோடு முன்னரே கலந்து பேச வேண்டும். வாசலில் வந்து நின்றபின் விவாதிப்பது அவர்க்கும் இடர், நமக்கும் இடர். தம்பதியராய் அமர்ந்தே தானம் செய்தல் வேண்டுமென்று அவர் கருதுவாராயின், உறவினர் இருவர் அமரட்டும். ஆனால் மகளின் கையை எடுத்து மணமகன் கையில் வைப்பதும் அதன்மேல் நீர் வார்ப்பதும் தாயின் கையாய் இருக்கட்டும் என்று வேண்டலாம். யாம் அறிந்த ஒரு குருக்கள், இவ்வாறு கேட்கப்பட்டபோது, 'பெற்றவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கேளாமலே மறுப்பார் என்று நாம் முடிவு செய்துவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது.

மூன்றாவது, மூன்று தலைமுறைப் பெயர் ஓதும் வேளையில் மேளத்தை நிறுத்தி, படப்பிடிப்பாளரை விலக்கி, சபை அமைதியாய் இருந்து கேட்க ஏற்பாடு செய்க. பெயர்களைத் தமிழிலும் ஒருமுறை தெளிவாய்ச் சொல்லும்படி குருக்களை வேண்டுக. அழைப்பிதழிலே காணாமல் ஆக்கப்பட்ட தந்தையின் பெயரை அடைமொழி எதுவுமின்றித் தாயின் பெயரோடு சேர்த்து, என்றும் இருந்தபடியே அச்சிடுக.

நான்காவது, பொன்னுருக்கலிலும் ஆலாத்தியிலும் மணமகனின் தாய்க்கும் இதே இடம் வேண்டும். மருமகளை வாசலில் எதிர்கொள்ளும் உரிமை, கணவரை இழந்த காரணத்தால் ஒரு மாமியாருக்கு மறுக்கப்படலாகாது. அத்தைமார், சின்னம்மாமார், இளவயதிலேயே துணையிழந்த அண்ணிமார் ஆகியோரையும் அறுகரிசி தூவ அழையுங்கள். அவர்களை அழைத்து அடுக்களையில் நிறுத்துவதிலும் அழையாதிருத்தல் மேலாம்.

ஐந்தாவது, எழுத்தை ஒத்திப்போடாதீர்கள். வழமைப்படி நடந்த திருமணத்தை இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்று வந்துள்ளன என்பது மெய். எனினும் பதிவே சிறந்த சான்று. இடப்பெயர்வின் நடுவே எழுத்தின்றி மணந்து, பின்னர்த் துணையை இழந்து, தாம் மனைவியர் என்பதை மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாய் அலைந்த பெண்களைக் கண்ட நாம் இதனை மறத்தலாகாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்கும் ஊரிலே, தம் கொடியை ஒரு சுண்டு அரிசிக்கும் ஒரு பேணிப் பால்மாவுக்கும் விற்றுப் பிள்ளையைக் காத்த தாய்மார் இருக்கின்றனர். அவர்களையே மீண்டும் கடனாளியாக்கிக் கொடி செய்வித்தல் முறையாகுமா? வறட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்கள் பட்ட 1,00,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளிவிட 2018ஆம் ஆண்டில் அரசே முன்வர நேர்ந்தது என்றால், அக்கடனின் கொடுமையை விரிக்க வேண்டுவதில்லை. தாய் நிற்கும் மணவறைக்கு மஞ்சட் கயிறும் போதும். தாய் ஒளியும் மணவறைக்கு இருபத்தொரு பவுணும் போதாது.

இவ்வாறெல்லாம் கூறுவதாற் சடங்குகளையே விட்டொழிக்கச் சொல்கின்றோம் என்று எவரும் எண்ணற்க. தமிழகத்திலே 1928ஆம் ஆண்டு தொடங்கிப் புரோகிதரின்றிச் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. அவற்றின் செல்லுபடி ஐயத்துக்குள்ளாகி, ஈற்றில் 1967இல் அண்ணாதுரை அவர்களின் அரசு கொண்டுவந்த சட்டத்தால் அவை உறுதி பெற்றன. அவ்வழியை விரும்புவோர் அவ்வழிச் செல்க. யாம் கேட்பது அத்துணைப் பெரிய மாற்றமன்று. ஓமம் எரியட்டும்; அம்மி இருக்கட்டும்; அருந்ததி காட்டப்படட்டும். கதவருகே நிற்பவரைப் பத்தடி முன்னே அழையுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

அப்பத்தடியைக் கடக்கத் தடையாய் நிற்பது யாது என ஆராய்ந்தால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விடைதான் வருகின்றது: 'மாப்பிள்ளை பகுதியார் என்ன சொல்வார்களோ?' பெண் வீட்டார் அஞ்சுவது அவர்களுக்கே. அங்ஙனமாயின், அத்தடையை ஒரு சொல்லால் நீக்க வல்லவர் யார்? மாப்பிள்ளை அல்லவா? இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளைஞருள் எத்தனையோ பேர் நாளைய மாப்பிள்ளைகள். 'மாமி மணவறைக்கு வந்தாற்றான் நான் தாலி எடுப்பேன்' என்று நீங்கள் ஒருவர் சொன்னாற் போதும். மேற்பேச்சுப் பேச அவ்வூரில் ஒருவரும் இருக்க மாட்டார். சீதனம் வேண்டாமென்று சொல்லும் இளைஞரை நாம் பாராட்டுகின்றோம். இந்தச் சொல் அதனினும் எளிது. ஒரு சதமும் செலவில்லை. கல்லூரி உங்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தது. நீதி எது என்று நீங்களே கண்டு சொல்லும் நாள் உங்கள் திருமண நாளாய் இருக்கட்டும்.

யாம் முன்னர்க் குறித்த தாய்க்கு இன்னும் ஒரு மகள் இருக்கின்றாள். அவளுக்கும் மணம் பேசி வருவதாக அறிகின்றோம். அவ்வீட்டுக்குச் செல்லும் மாப்பிள்ளை எமது கல்லூரியின் பழைய மாணவராய் இருப்பாராக. அன்று அத்தாயின் கையிலுள்ள செம்பின் நீர் மகளின் கைமேல் வார்க்கப்படுவதாக. அதனைக் கண்டு அறுகரிசி தூவ யாமும் சென்று நிற்போம்.